லேபிளில் இருந்த தப்பு

வெண்மதி அப்பாவுக்கு, திருப்பூர்ல இருந்து வெண்மதி அம்மா கும்புட்டு எழுதறது. முட்டிவலி எப்படி இருக்குதுங்க? துணி சுத்திக்கினு கரும்பு வெட்டப் போங்க. நான் நல்லா இருக்கேன்.

இங்க பனியன் கம்பெனில ஒரு சிரிப்புக் கத. சட்டைய தனியா துவைக்கணும்னு இங்கிலீஷ்ல லேபிள் தைப்போம். அதுல 'செப்பரேட்'ங்கற வார்த்தைய தப்பா அச்சடிச்சிட்டானுங்க. நடுவுல 'ஏ' வரணும், 'ஈ' இருந்துது. நம்ம வெண்மதி பாப்பா காய்ச்சல்ல போய்ச் சேர்றதுக்கு முன்னால, இந்த வார்த்தைய நோட்டுல எழுதிக் காட்டிச்சி. அதனால சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். "அஞ்சாவது படிச்சிட்டு எனக்கே இங்கிலீஷா? போய் பிசிறு நூல வெட்டும்மா"ன்னு எல்லார் எதிர்லயும் சிரிச்சாரு. பெரிய டிகிரி, அதுக்கேத்த திமிரு.

அந்தத் தப்பால சரக்கு மொத்தமும் திரும்பி வந்துடுச்சி. உடனே அந்த ஆளு ஆபீசுல, "செக்கிங் பொம்பள பாக்கல, வேலைய வுட்டு நிறுத்திடலாம்"னு என் தலையில கட்டப் பாத்தாரு. "நான் சொன்னப்ப எதுக்கு சார் சிரிச்சீங்க?"ன்னேன். கூட வேல செய்யறவங்க எல்லாம் ஆமான்னாங்க. அவரு மூஞ்சி தொங்கிடுச்சி. இப்ப ஒவ்வொரு லேபிளையும் தூக்கிக்கினு என்கிட்ட வந்து, "இது சரியாம்மா?"ங்கறாரு. த்தூ, இதுவும் ஒரு பொழப்பா! எனக்கு அந்த ஒரு வார்த்ததான் தெரியும். மத்தத சொல்லித் தர பாப்பா எங்க இருக்குது?

பாப்பா நோட்ட பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க. பக்கத்து வூட்டு நிர்மலா இங்க வேலைக்கு வரும்போது அத குடுத்தனுப்புங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியலன்னாலும் அது கையெழுத்து என்கிட்ட இருக்கட்டும். பெல் அடிச்சிட்டாங்க, போறேன்.

வெண்மதி அம்மா