டைல்ஸ் கிணறு

ஏப்ரல் 3, வியாழன்

கடைசி வண்டித் திராட்சையும் காலையில் போய்விட்டது. இனி கவாத்து வரைக்கும் தோட்டத்தில் வேலை இல்லை. சும்மா உட்கார எனக்குத் தெரியாது. அடுப்படியைக் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன். அப்புறம் இந்த நோட்டை எடுத்தேன். முன்பக்கம் கொடிக்கு மருந்து அடித்த தேதிகள், பின்பக்கம் எனக்கு. பின்பக்கத்தைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும்.

பதினொரு மணிக்குக் கொசு ஒழிப்பு வேலைக்கு வரும் ஷீபா வந்தாள். தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் போனவள், "அக்கா, இங்கன வாங்க" என்று கத்தினாள். நீச்சல் குளத்தில் ஒரு கரண்டி மொண்டு காட்டினாள். கரண்டி முழுக்கப் புழு.

"ஒண்ணு கிளீன் பண்ணுங்க, இல்லாட்டி மூடுங்கக்கா. மே பத்தாம் தேதி திரும்ப வருவேன். அப்பவும் இப்படியே கெடந்தா நோட்டீஸ்தான்."

கையில் இருந்த கவரைப் பிரித்துக் கொசு மீன் பத்துப் பன்னிரண்டை உள்ளே விட்டுவிட்டுப் போனாள்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மூடிருவோம். கம்மாய் மண்ணு ரெண்டு நாள் அடிச்சாப் போதும். மேல நாலு தென்னைய வைப்போம்" என்றார், சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல். வேண்டாம் என்றேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு மகள் நதியா வருகிறாள் என்றேன்.

"வந்தா?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. மோரை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 4

தூக்கமே சரியில்லை. எழுதித் தொலைத்துவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது, கண்ணாடியை எங்கே வைத்தார் என்பதும் தெரியாது.

குளத்தை அவர்தான் கட்டினார். நாற்பதடி நீளம், பதினைந்தடி அகலம், நாலரை அடி ஆழம். நதியா ஆறாம் வகுப்பில் நீச்சலில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த வருஷம். ஓடைப்பட்டியில் இதற்கு டைல்ஸ் கிணறு என்று பெயர். கேலிதான். அவருக்கு அதில் கோபமே வந்ததில்லை. தினமும் காலையில் கடிகாரத்தோடு கரையில் உட்காருவார்.

அது நடந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. மாநிலப் போட்டிக்கு இரண்டு வாரம். மதினி பிச்சையம்மாள், அவருடைய அக்கா, கல்யாணப் பத்திரிகையோடு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏ முனீசு, சமஞ்ச பிள்ளைய அரைகுறையா மெதக்க விட்டுட்டு நீ வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கியாக்கும்?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்தில் எறிந்தேன். "வெளிய வாடி. இன்னைக்கோட சரி." அவர்கள் முன்னாலேயே.

சாயங்காலம் நதியா ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பாவும் வேணாம்னு சொல்றாராம்மா?"

ஆமா என்றேன். அவர் அன்று லோடோடு எர்ணாகுளம் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம், "பிள்ளைக்கே சலிச்சுப் போச்சாம், விட்டுட்டா" என்றேன்.

இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு பொய். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் குளத்து மோட்டாரை நிறுத்தினவர் நிறுத்தினவர்தான். அவள் படிப்பும் வேலையும் கோயம்புத்தூர் என்று போய்விட்டாள். போனில் அப்பா பேசினால் "நல்லா இருக்கேன்ப்பா", அவ்வளவுதான், போன் என் கைக்கு வந்துவிடும்.

தண்ணீர் தெளிந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்று ஏன் தோன்றுகிறது? தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என்னமோ. நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் 8

நாலு நாளாகக் குப்பை அள்ளுகிறேன். வேப்பிலை, தேங்காய் மட்டை, ஒரு செருப்பு, நதியாவின் பழைய கண்ணாடி — நீந்தும்போது போடுவாளே, அது. ரப்பர் கையிலேயே பிய்ந்துவிட்டது. அதை மட்டும் குப்பையில் போடவில்லை.

அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை. மோட்டார் இறுகிக் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். "கம்மாய் மண்ணுக்குச் சொல்லியாச்சு" என்றார்.

ஏப்ரல் 11

அள்ளியும் பச்சை போகவில்லை. பாசி. பாசி என்றால் பூஞ்சணம் மாதிரித்தானே? முப்பது வருஷமாகக் கொடிக்குப் பூஞ்சண மருந்து கலக்கும் கை இது. மருந்து வைக்கும் சாய்ப்பில் மயில்துத்தம் மிச்சம் இருந்தது. கொடிக்கு அடிக்கும் போர்டோ கலவைக்கு நூறு லிட்டருக்கு ஒரு கிலோ போடுகிறோம். எழுபத்தைந்தாயிரம் லிட்டருக்கு இரண்டு கிலோ எந்த மூலைக்கு? கரைத்து ஊற்றிவிட்டேன். இதற்குப் போய் யாரையாவது கேட்பார்களா.

ஏப்ரல் 13

பச்சை போயே போய்விட்டது! தரை தெரிகிறது. தண்ணீர் லேசான நீலம். சினிமாவில் வருகிற மாதிரி.

ஷீபா விட்ட மீன் எல்லாம் செத்து மிதந்தது. பன்னிரண்டு. வேப்பமரத்தடியில் புதைத்தேன்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வடை, பாயசம். நதியா போனில் வாழ்த்துச் சொன்னாள். அப்பாவிடம் கொடு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் ஒரு பை பிளீச்சிங் பவுடர் போட்டேன். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் போடுவதுதானே.

ஏப்ரல் 15

வெள்ளை நீலமாகத் திரிந்து கிடக்கிறது. தரையைக் காணோம். சுவரெல்லாம் கறுப்புத் திட்டு. தேய்த்தால் போகும் என்று கழுத்தளவு தண்ணீரில் முங்கி முங்கி மூன்று மணி நேரம் தேய்த்தேன். போகவில்லை.

ஏப்ரல் 16

தலை பச்சை. என் தலை. நரைத்த இடமெல்லாம் துத்தம் ஏறி, பிஞ்சுத் திராட்சை நிறம்.

ஏப்ரல் 18

முக்காட்டோடு இரண்டு நாள். ஷீபாதான் ஜேசுராஜ் நம்பரைக் கொடுத்தாள். குமுளியில் விடுதிகளின் நீச்சல் குளங்களைப் பார்ப்பவராம். இன்று வந்தார். தண்ணீரைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"எந்தா சேச்சி இது? என்னத்தப் போட்டீங்க?"

சொன்னேன்.

"பிளீச்சிங் பவுடர்ல சுண்ணாம்பு இருக்கு. துத்தத்தோட சுண்ணாம்பு சேந்தா என்ன வரும்? உங்களுக்குத் தெரியாததா?"

எனக்கா தெரியாது! எழுபத்தைந்தாயிரம் லிட்டர் போர்டோ கலவை தயாரித்து வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. ஜேசுராஜ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரவா என்றார்.

மொத்தத்தையும் இறக்கிவிட்டு, ஆசிட் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் விட வேண்டுமாம். வடிகட்டிக்குள் இருக்கும் மணலையும் மாற்ற வேண்டுமாம். மோட்டாரை அவரே கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 19

இன்று வெடித்தது.

"சித்திர வெயில்ல ஒரு குளத்துத் தண்ணிய வெளிய ஊத்திட்டு இன்னொரு குளத்துத் தண்ணி எடுப்பியா? போர்ல என்ன ஆறா ஓடுது? யாருக்காக? வேணாம்னு போனவளுக்காகவா?" என்றார்.

அவ வேணாம்னு சொல்லல. அவ சொல்லவே இல்ல. வாயில் வந்துவிட்டது. வந்ததை நிறுத்தவில்லை. மதினி வந்தது, துண்டு, அவளிடம் சொன்னது, இவரிடம் சொன்னது — எல்லாம்.

அவர் நின்றுகொண்டே கேட்டார். கடைசியில், "போட்டிக்கு ரெண்டு வாரந்தான இருந்துச்சு?" என்றார்.

"ஆமா."

சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 20

தோட்டத்து மோட்டார் ரூமிலேயே இருக்கிறார்.

ஏப்ரல் 21

சோற்றை அங்கேயே வாங்கிக்கொள்கிறார். சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு டம்ளர் கழுவாத மனுஷன். திட்டித் தொலைத்தால் தேவலை.

ஏப்ரல் 23

காலையில் பின்பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் சொட்டுநீர்க் குழாயைக் குளத்தோடு இணைத்துக்கொண்டிருக்கிறார்.

"கொடிக்கு எப்படியும் தண்ணி விடணும். இதையே விட்டா என்ன?"

பிளீச்சிங் பவுடர் போட்டது கொடிக்கு ஆகுமா என்றேன்.

"ஜேசுராஜுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அஞ்சாறு நாள் வெயில்லயே அது போயிருச்சாம். துத்தம் நம்ம கொடிக்கு என்ன புதுசா?"

நாலு நாளில் முதல் பேச்சு. குழாயைப் பார்த்துத்தான் பேசினார். போதும் எனக்கு.

ஏப்ரல் 30

குளம் காலி. ஜேசுராஜ் ஆசிட் அடித்தார். நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பிரஷ்ஷோடு எதிரெதிர்ச் சுவரில். முதுகுக்கு முதுகு. மண் வண்டிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அதையும் ஜேசுராஜிடம்தான் சொன்னார்.

மே 6

நாலு நாளாகத் தண்ணீர் ஏறியது. மோட்டார் ஓடுகிறது. மயில்துத்தப் பையைச் சாய்ப்பில் வைத்துப் பூட்டிச் சாவியை ஜேசுராஜ் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். "சேச்சி கையில மட்டும் குடுத்துராதீங்க." அவர் சிரித்தார். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

குளோரினை இருமல் மருந்து மூடி அளவுக்கு ஊற்றிப் பார், குச்சியைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார், காத்திரு என்கிறார்கள். காத்திருப்பதுதான் எனக்கு வராதே. பத்துத் தரம் போய்ப் பார்த்தேன்.

மே 8

பீரோ சாவியைக் குளத்துக்குள் போட்டுப் பார்த்தேன். கரையில் நின்று அதன் மேல் இருக்கும் நம்பரை வாசிக்க முடிந்தது.

மத்தியானம் நதியா வந்தாள். முதலில் என் தலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா இது, கிளி மாதிரி!" விழுந்து விழுந்து சிரித்தாள். கதையைச் சொன்னேன், குளம் வரைக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாருக்கும்மா இது?"

"ஷீபா நோட்டீஸ் தருவேன்னுச்சு" என்றேன். சீ. என்ன பிறப்பு நான்.

நீங்களே அவளிடம் சொல்லுங்களேன் என்று அவரைக் கெஞ்சினேன். "பொய் சொன்னது நீ. நீயே சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

மே 9

சொன்னேன். காலையில், துணி காயப்போடும்போது. கையில் ஈரச்சேலை இருந்ததால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது. "உங்கப்பா வேணாம்னு சொல்லவே இல்ல ஆத்தா. அவருக்குத் தெரியவே தெரியாது. மதினி சொன்ன ஒரு சொல்லுக்காக நாந்தான். பொய் சொன்னேன்."

ஒரு கிளிப்பைப் போட்டாள். இன்னொன்றைப் போட்டாள்.

"பன்னெண்டு வருஷமா நான் அப்பாகிட்ட ஒழுங்கா மொகங்குடுத்துப் பேசலம்மா."

அவ்வளவுதான். வாளியை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். வாசலில் நின்று பார்த்தேன். மோட்டார் ரூம் படியில் அவர், பக்கத்தில் அவள். என்ன பேசினார்களோ. பதினொரு மணி வரைக்கும் அங்கேயே இருந்தார்கள். நான் உளுந்தை ஊறப்போட்டேன், எதற்கென்று தெரியாமல்.

மே 10

ஷீபா வந்து பார்த்துவிட்டுக் கைதட்டினாள். நதியா என்னிடம் பேசவில்லை.

மே 11

பேசவில்லை. காலையில் குளத்தில் இறங்கினாள். முதலில் ஒரு கரைக்கே மூச்சு வாங்கியது. அவர் கடிகாரத்தைத் தேடினார், கிடைக்கவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நினைத்ததே தப்பு.

மே 13, செவ்வாய்

காலை ஏழு மணி. நதியா நீந்திக்கொண்டிருந்தாள், நீச்சல் உடையில். அவர் கரையின் அந்த மூலையில். நான் கேட்காமலே இன்று போய் இந்த மூலையில் உட்கார்ந்தேன், அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு.

மதினி வந்தார். வீரபாண்டிப் பொரிகடலைப் பையோடு, மருமகளையும் கூட்டிக்கொண்டு. நேராகப் பின்பக்கம்.

"ஏ முனீசு, கட்டிக்குடுக்குற வயசுலயும் இதே கூத்தா? ஆளுக வர்ற போற நேரம். அந்தத் துண்டக் குடுடி அவகிட்ட."

என் முழங்கால் தானாக எழுந்துவிட்டது. நிஜம். பாதி எழுந்துவிட்டேன். அவரும் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

"அங்கன நெழல்ல உக்காருங்க மதினி. இன்னும் ஆறு சுத்து இருக்கு. முடிச்சிட்டு வருவா."

"அன்னைக்கு நீதானடி துண்ட விட்டெறிஞ்ச?"

"ஆமா மதினி. நாந்தான். தப்புப் பண்ணேன். உங்க பேச்சக் கேட்டுப் பண்ணேன்."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். தோட்டத்துக்கே கேட்கும்படி வந்துவிட்டது. மதினி மருமகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு" என்று சுற்றை எண்ணினார். மதினி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணிக்கு என்னத்தடி போட்ட, இப்படித் தெளிஞ்சு கெடக்கு?" என்றார். மருமகள் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு சுற்றும் முடிந்தது. நதியா என் பக்கத்துச் சுவரைத் தொட்டு நின்றாள். கண்ணெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"அம்மா, துண்டு."

எடுத்துக் கொடுத்தேன்.