காசு வாங்காமல் சொல்லித் தந்த அடி

என் ராசா மாது,

நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஜெயிலில் நீ இருந்தபோது மாதத்துக்கு ஒன்று எழுதிப் போட்டேனே, அதெல்லாம் கடிதமே இல்லை. உனக்கு எழுத்து தெரியாது. அங்கே ஆபீசில் ஒருத்தர் படிப்பார், அப்புறம் பக்கத்தில் இருக்கிறவர் யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார் என்று தெரிந்தே எழுதினது. மழை பெய்தது, ஆடு குட்டி போட்டது, உடம்பைப் பார்த்துக்கொள். அதற்கு மேல் எழுத எனக்குத் தைரியமில்லை. இதை இனி யார் படித்தாலும் படிக்கட்டும்.

போன மாதம் உன் சிலம்ப வாத்தியார் காதர் பாய் இறந்துவிட்டார். புளி மண்டி வேலைக்காகப் பென்னாகரம் போனவள், கடைவீதியில் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். உன்னோடு கம்பு பிடித்த இரண்டு மூன்று பேர், இப்போது நரை விழுந்தவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நான் துணிக்கடை ஓரமாக ஒதுங்கி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. என்னைத் தவிர அவர் ஒருத்தருக்குத்தான் அந்த விஷயம் தெரியும். இனி எனக்கு மட்டும்தான்.

முதலிலிருந்தே சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

தருமபுரி தனி ஜில்லாவான மறுவருஷம். இண்டூர் ரோட்டில் ஒரு வரிசைப் புளியமரத்தை நீ ஏலத்தில் எடுத்திருந்தாய். அடுத்த வரிசை வேடியப்பன் எடுத்தது. நடுவில் நின்ற ஐந்து மரம் யாருக்கு என்று தகராறு. காகிதப்படி அது உன்னுடையதுதான். உலுக்கப் போன அன்றைக்கு அவன் வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, செருப்பைக் கழற்றி உன் கன்னத்தில் அடித்தான். மரத்தடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை பொம்பளைகளும் பார்த்தார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. நான் எழுந்து வரவில்லை, மாது. கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டேன். அதை நீ பார்த்தாயா?

நாலு நாள் நீ சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாய். இருபத்தெட்டு வயது ஆம்பிளை. அம்மாவும் அப்பாவும் இல்லாத வீடு. புருஷன் செத்துத் திரும்பி வந்த அக்கா ஒருத்தி. என்ன ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியும்? ஐந்தாம் நாள் எழுந்து குளித்தாய். பென்னாகரத்தில் காதர் பாய் சிலம்பம் சொல்லித் தருகிறாராம், சேரப் போகிறேன் என்றாய். சோறு கேட்டாயே, அதுவே போதும் என்று இருந்தது எனக்கு.

பாய் பகலில் கடைவீதியில் லாந்தருக்கும் தகர டின்னுக்கும் ஈயம் வைத்து ஒட்டுகிறவர். செவ்வாயும் ஞாயிறும் சாயங்காலம் ஏரிக்குள் காய்ந்த இடத்தில் சிலம்பம் சொல்லித் தருவார். சேரும்போது வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, ஐந்து ரூபாய். அப்புறம் மாதா மாதம் சம்பளம். புது வரிசைப் பாடம் ஒன்று தொடங்கினால் அதற்குத் தனித் தட்சணை. கம்பும் அவரிடம்தான் வாங்க வேண்டும். நாளெல்லாம் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டினாலும் எனக்கு முழுதாக ஒரு ரூபாய் வராத காலம் அது. செவலை ஆட்டை விற்றோமே, ஞாபகம் இருக்கிறதா?

முதல் இரண்டு மாதம் மண்ணைத் தொட்டு வணங்கும் சலாம் வரிசை. அதற்கப்புறம் காலை எப்படி வைப்பது, எப்படி விலகுவது. அப்புறம் கம்பைச் சுழற்றுவது, வருகிற கம்பைத் தடுப்பது. ஆறு மாதம் ஆகியும் திருப்பி அடிக்க ஒன்றும் சொல்லித் தரவில்லை. வசதியான கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துத் திருவிழாவுக்கு ஒரு செட் வைத்திருந்தார். காரிமங்கலம் வரைக்கும் அவர்களை ஆடக் கூப்பிடுவார்கள். வாத்தியாருடைய கண்ணெல்லாம் அவர்கள் மேல்தான் என்று நீ வந்து புலம்புவாய்.

"காசு வாங்க ஒரு வரிச, அத குடுக்க ஒரு கும்புடு. அடி மட்டும் எங்கன்னே காணம்க்கா," என்றாய் ஒரு நாள், கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

பத்தாவது மாதம் நம் ஊர் மாரியம்மன் திருவிழா. உன்னையும் செட்டில் சேர்த்தார். இடுப்புக்குச் சிவப்புத் துணி, அதற்கும் நாம்தான் காசு கொடுத்தோம். சாயங்கால ஊர்வலத்தில் நீ கம்பு சுற்றினதை நான் பார்த்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, அழகாக இருந்தது. கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. சோடாக்கடை பக்கத்தில் வேடியப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். "கூத்தாடிக்கு சலங்க கட்டலயா?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. நாலு பேர் சிரித்தார்கள். உன் கம்பு நிற்கவில்லை. உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

இது வரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்லப் போவதுதான் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, உறவுக்காரர் வீட்டுத் துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் பென்னாகரம் போனேன். பாய் கடையில் ஒரு லாந்தரின் அடித்தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். டின்னோடும் விளக்கோடும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மாதுவின் அக்கா என்றேன். உட்காரப் பலகை போட்டார். நான் உட்காரவில்லை. பத்து மாதமாகக் காசு வாங்குகிறீர்களே, என் தம்பிக்கு ஓர் அடியாவது சொல்லித் தந்தீர்களா என்று கேட்டேன்.

அவர் ஈயம் ஒட்டும் இரும்பைக் கீழே வைத்தார். "அவனுக்கு காலு நல்லா நிக்குது தங்கச்சி. எங்கிட்ட வந்ததுல அவனுக்குத்தான் அப்பிடி. ஆனா அவன் மொத நாளே ஒரு ஆளு பேர சொல்லிட்டுத்தான் கம்ப தொட்டான். பேரு சொல்லிட்டு வர்றவனுக்கு நான் அடி குடுக்கறதில்ல. சுத்தட்டும். கையும் காலும் ஓயட்டும். கோவம் தானா எறங்கும்."

"கோவம் எறங்கறதுக்கு மாசா மாசம் காசா பாய்?"

"காசு குடுக்காம வந்தா ரெண்டே நாள்ல நின்னுருவான். நின்னா நேரா அருவாள எடுப்பான். குடுத்த காசுக்காவது வருவான்ல?"

அவர் சொன்னது உண்மையா, காசுக்குச் சொன்ன சாக்கா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாக்கு என்றே நினைத்தேன். செட்டில் ஆடுகிற பணக்காரப் பிள்ளைகள் என் கண் முன்னால் வந்தார்கள். சோடாக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"அடி தெரிஞ்சா தானே சொல்லித் தருவாரு. இவரு சலாம் வாத்தியாருங்க. திருவிழாவுக்கு ஆள் புடிச்சு விடறவரு."

ஒருத்தர் சிரித்துவிட்டார். பாயின் முகம் சிவந்தது. மறுபடி இரும்பை எடுத்தார், அது ஆறிப்போயிருந்தது, மீண்டும் கரியில் செருகினார். என்னைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கெழம அனுப்புங்க" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் சிரிப்பாக வந்தது எனக்கு.

அந்த ஞாயிறு நீ திரும்பி வந்தது கண்ணிலேயே நிற்கிறது. "மத்தவங்கள அனுப்பிட்டு என்ன மட்டும் நிறுத்தி வெச்சுகிட்டாருக்கா. அடி சொல்லித் தர்றாரு. இதுக்கு காசு வேணாம்னுட்டாரு," என்றாய். மூன்று மாதத்தில் மூன்று அடி. மாதச் சம்பளத்தையும் அதோடு நிறுத்திவிட்டார். காசுக்காகத்தான் எல்லாம் என்றால், அவர் ஏன் அதை வாங்கவில்லை, மாது? அப்போது நான் இதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மிச்சமான காசில் உனக்கு ஒரு சட்டை எடுத்தேன்.

மாசி மாதம் புளி பழுத்தது. அந்த ஐந்து மரத்துக்கு வேடியப்பன் ஆளோடு வந்தான். நான் கொஞ்சம் தள்ளிப் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தேன். வார்த்தை தடித்தது. அவன் கை செருப்புக்குப் போனது. நீ கையிலிருந்த உலுக்குக் கம்பை ஒரே தரம் வீசினாய். அவன் விழவில்லை. மெதுவாக உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டான். அவன் பெண்டாட்டி சாலம்மா சொம்போடு ஓடி வந்தாள், அவனால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

நீ ஓடவில்லை. கம்பை மரத்தில் சாத்திவிட்டு என்னிடம் வந்தாய். "தோளுக்குத்தான்க்கா வுட்டேன். அவன் செருப்பெடுக்க குனிஞ்சுட்டான்," என்றாய். அப்படியே நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாய்.

கோர்ட்டில் வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், பத்து மாதம் சொல்லித் தராததை அப்புறம் ஏன் சொல்லித் தந்தீர் என்று. நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். "பையன் கேட்டான், சொல்லித் தந்தேன்" என்றார். என் பேர் அவர் வாயில் வரவில்லை. அன்றைக்கே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். கொல்லும் எண்ணம் இல்லை என்று உனக்கு ஏழு வருஷம் போட்டார்கள். அதற்கப்புறம் அவர் கம்பைத் தொடவில்லை. ஏரிக்குள் யாரும் சிலம்பம் கற்கவில்லை.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாத்தியார பாத்தா கும்புட்டேன்னு சொல்லுக்கா. நான் படற பாட்ட பாத்துட்டுத்தான் அவரே மனசு வந்து அடி குடுத்தாரு. வேற யாருக்கும் குடுத்ததில்லயாம்," என்றாய். அந்த நிலைமையிலும் உன் முகத்தில் ஒரு பெருமை. நான் தலையை ஆட்டினேன். இரண்டு வாரத்தில் காமாலை முற்றி நீ போய்விட்டாய். உன் கும்பிடை நான் அவரிடம் சேர்க்கவில்லை. அந்தக் கடை இருக்கும் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். உனக்கென்று மிஞ்சியிருந்த அந்தப் பெருமையையும் இந்தக் கடிதத்தில் பறித்துக்கொள்கிறேனா? மன்னிப்பாயா?

சாலம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் நானும் இப்போது ஒரே மண்டியில் கொட்டை தட்டுகிறோம். முதல் வருஷம் என்னைப் பார்த்தால் காறித் துப்புவாள். அப்புறம் பார்க்கவே மாட்டாள். போன வருஷம் கூலி வாங்க நின்ற இடத்தில் அவளாகவே பேசினாள்.

"ஒந்தம்பிய நான் சபிக்கல. அவன் கையில அடிய குடுத்தான் பாரு அந்த வாத்தியாரு, அவன் கை வெளங்காம போவணும்னு கோயில்ல காச ரெண்டா வெட்டிப் போட்டு சாபம் வுட்டேன்."

அவள் காசு வெட்டிப் போட்ட மூன்றாம் வருஷம் பாய்க்கு வலது கை இழுத்துக்கொண்டது. இரும்பு பிடிக்க முடியவில்லை. கடையை மூடினார். வீட்டில் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் வாதத்தினால் வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சாமி கண்ணைத் திறந்தது என்று சாலம்மா நம்புகிறாள். அவர் இறந்த மறுநாள் மண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கி மென்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மாது. ஒன்றும் செய்யாத மனுஷன் என் வாயினால் சாபத்தை வாங்கிக்கொண்டு மண்ணுக்குள் போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மண்டி லீவு. அன்றைக்கு சாலம்மா வீட்டுக்குப் போகிறேன். இப்போது சொன்னதையெல்லாம் அவளிடம் ஒன்று விடாமல் சொல்லப் போகிறேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னோடு பேசும் ஒரே ஆள் அவள்தான். அதுவும் அன்றோடு நின்றுவிடும். நிற்கட்டும். பாய் பேரில் வெட்டிப் போட்ட சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்வேன். என் பேரில் வெட்ட வேண்டுமென்றால் கோயிலுக்கு நானே அவளோடு நடந்து போவேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்,
உன் அக்கா காவேரி