மூன்றாவது அழைப்பு

வேங்கிக்கால்,
2.7.2024

மணியம்மாளுக்கு,

சகாதேவன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று ஓசூரிலிருந்து நம் மகள் சொன்னாள். உன் விலாசத்தை மூன்று முறை கேட்ட பிறகுதான் கொடுத்தாள். "நேர்ல போகாதீங்கப்பா. எழுதினா அம்மா படிப்பாங்களாம்" என்றாள். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதியவன், அதே ஊரில் இருக்கும் மனைவிக்கும் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. ஆகட்டும்.

உன் தங்கை பொன்னியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அடி அண்ணாமலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில்தான் கிளம்பினோம். செங்கம் ரோட்டில் நீ இறங்கிக்கொண்டாய். சாமி கும்பிட்டுவிட்டு வருவாய் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் போன் பிரிட்ஜ் மேல் கிடந்தது. அப்படியானால் முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாய்.

தங்கை போன துக்கம் பெரியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் போனவளுக்காக இருக்கிறவனை விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்? அக்கம்பக்கத்தில் நீ மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வாடகை அறைக்காரர்களுக்கு நீ இட்லி ஊற்றுவது தெரிந்தால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? ஆடி பிறப்பதற்குள் வந்துவிடு. சாம்பார் பொடி எங்கே வைத்திருக்கிறாய் என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
அ. சகாதேவன்
கண்காணிப்பாளர் (ஓய்வு)


செங்கம் ரோடு,
15.7.2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

மணியம்மாள் எழுதிக்கொள்வது. சாம்பார் பொடி அலமாரியின் கீழ்த்தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. பிரஷர் மாத்திரையைக் காலையில் சாப்பிட்ட பிறகு போடுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம்.

போனில் பேச மாட்டேன் என்றது கோபத்தால் அல்ல. உங்கள் குரலைக் கேட்டால் என் வாய் தானாகச் "சரிங்க" என்று சொல்லிவிடும். முப்பத்தொரு வருடப் பழக்கம். காகிதத்தில் அப்படி இல்லை. எழுதியதைப் படித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் அடித்துவிட்டு வேறு எழுதலாம்.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஜோதியம்மாள் என்பவர் எட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். அவர்களுக்குக் காலையும் மதியமும் நான் சமைக்கிறேன். உப்பு ஜாஸ்தியானாலும் தட்டு பறப்பதில்லை. ஜாஸ்தியாகிவிட்டது என்று நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். அவர்களும் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்து போகிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பணி நிறைவு விழா அன்று, மேடையில் கைப்பை இருந்தால் நன்றாக இருக்காது என்று என் போனை வாங்கி உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பொன்னி வீட்டிலிருந்து அதற்கு எத்தனை மணிக்குப் போன் வந்தது? என்ன சொன்னார்கள்? சாப்பாடு முடிந்து, மூன்று மணிக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். அவள் அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டிருந்தாள்.

மணியம்மாள்


வேங்கிக்கால்,
22.7.2024

மணியம்மாளுக்கு,

நீ கேட்ட விவரம். போன் ஒரு முறைதான் வந்தது. சுமார் ஒன்றரை மணி இருக்கும், பந்தியில் உட்காரும் நேரம். பொன்னி தவறிவிட்டாள் என்று அவள் கணவர் சின்னசாமி சொன்னார். விஷயம் முடிந்துவிட்டது, உடனே சொன்னால் நீ சாப்பிடாமல் எழுந்துவிடுவாய், உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது என்று உன் நன்மைக்காகத்தான் தள்ளிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய உடம்பு. நீ போயிருந்தாலும் நிறுத்தி வைத்திருக்க முடியாது.

இதைப் பெரிதுபடுத்தி ஒரு குடும்பத்தைப் பிரிப்பது சரியல்ல என்பது என் தாழ்மையான கருத்து. ஆடி பிறந்துவிட்டது. நீ வரவில்லை.

சகாதேவன்


செங்கம் ரோடு,
10.8.2024

ஆர்த்தி அப்பாவுக்கு,

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளே சின்னசாமி தன் போனை என்னிடம் காட்டிவிட்டார். காலை 10.20, 11.05, 11.50. மூன்றும் என் நம்பருக்கு. அதற்குப் பிறகு என் போன் அணைந்திருக்கிறது. கடைசியில் உங்கள் நம்பருக்கு ஒரு மணிக்குக் கூப்பிட்டுத்தான் செய்தி சொன்னாராம். எல்லாம் தெரிந்துதான் உங்களிடம் கேட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று ஒரு ஆசை.

மூன்றாவது முறை இரண்டு நிமிடம் பேசியிருக்கிறீர்கள். அப்போது சின்னசாமி டாக்டரைப் பார்க்க ஓடியிருந்தார். போன் பொன்னியின் பக்கத்தில் இருந்தது.

விழாப் படங்களை ஆர்த்தி தபாலில் அனுப்பியிருந்தாள். ஒன்றில் நாம் இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறோம். ஓரத்தில் நேரம் இருக்கிறது, 12.40. பொன்னிக்கு உயிர் போனது அந்த நேரத்தில்தான். படத்தில் நான் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கச் சொல்லி நீங்கள் முழங்கையால் இடித்தது ஞாபகம் இருக்கிறது.

போனால் நிறுத்தி வைக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? என்னைவிட ஏழு வயது சின்னவள். இடுப்பில் தூக்கி வளர்த்தேன். போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான்.

அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதாதீர்கள்.

மணியம்மாள்


வேங்கிக்கால்,
19.1.2025

மணிக்கு,

ஐந்து மாதமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். எப்படி ஆரம்பித்தாலும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கடிதமாகவே முடிந்தது. இது அப்படி ஆகாமல் இருக்க வேண்டும்.

10.20க்கு சின்னசாமி கூப்பிட்டார். மூச்சு வாங்குகிறது, உன்னை உடனே கூட்டி வாருங்கள் என்றார். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். 11.05க்கு வந்ததை எடுக்கவே இல்லை. அதிகாரி வந்து இறங்கிய நேரம். 11.50க்குப் பேசியது பொன்னி.

"மாமா, அக்காகிட்ட ஒரு நிமிஷம் குடுங்க. பேசிட்டு வெச்சிடுறேன்."

"மேடைல கூப்பிடப் போறாங்கம்மா. முடிஞ்சதும் நானே கூட்டினு வரேன்."

கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு "சரிங்க மாமா" என்றாள். நான் போனை அணைத்துவிட்டேன். நீ என்னிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி, வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாய். எழுந்து வந்து உன் கையில் போனைக் கொடுப்பதற்குப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால், மாலை போடும்போது பக்கத்தில் மனைவி இல்லாமல் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது என்று நினைத்தேன். இதற்கு மேல் ஒரு காரணம் இருக்கும் என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

கார்த்திகை முடிந்ததும் அடி அண்ணாமலைக்குப் போய் சின்னசாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போதுதான் பேசினார். "உங்கமேல அவளுக்குக் கோவம் இல்லீங்க. மாமா கூட்டினு வரேன்னு சொல்லிட்டாருன்னு வாசலையே பாத்துனு இருந்தா." இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். உனக்குச் சேர வேண்டியதை இனியும் என் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டேன்.

அங்கிருந்து வந்த பிறகு எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது போல இருக்கிறது. போன வாரம் ஆர்த்தி கூப்பிட்டாள். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தி, "அப்பா, லைன்ல இருக்கீங்களா, கட் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். இருபத்தொன்பது வயதில் முதல் முறையாக அவள் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். அவளுக்குப் பிடிக்காத படிப்பில் நான் சேர்த்துவிட்டது, விடுதியில் அழுதது, அதையெல்லாம் உன்னிடம் மட்டும் சொன்னது. நீ என்னிடம் சொல்ல வந்தபோதெல்லாம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். உண்மையாகத்தான் இருக்கும்.

அடுத்தவர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கம்பக்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னால்தான் போனாள் என்றேன்.

வந்துவிடு என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்கிறேன். வருவாயா, மணி? வந்தால் உன் பேச்சைக் கேட்டு இருப்பேன். வராவிட்டாலும் உன் மேல் குறை சொல்ல மாட்டேன்.

சகாதேவன்


வேங்கிக்கால்,
24.2.2025

மணிக்கு,

பதில் இல்லை. அவசரமும் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்து இந்தக் கார்டை எழுதினேன். அதுவும் ஒரு அவசரம்தான். மன்னித்துக்கொள்.

சகாதேவன்


செங்கம் ரோடு,
16.3.2025

ஆர்த்தி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது, கார்டும் கிடைத்தது. பொன்னி பேசியதை எழுதியதற்கு நன்றி. அவள் குரலை இப்போது என்னால் கேட்க முடிகிறது. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் எழுதியது சரிதான். அதை நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் மாறிவிட்டீர்கள். ஆர்த்தியும் சொன்னாள், உங்கள் கடிதத்திலும் தெரிகிறது. நடிப்பு என்று நான் நினைக்கவில்லை. முழுக்க நம்புகிறேன். இதைச் சொல்லிவிட்டு மீதியைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

கல்யாணமான புதிதில், ஒரு நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அன்று அழுதேன். பிறகு, இவர் சுபாவமே இப்படி, பிறந்ததிலிருந்தே காது கேட்காத ஆளைப் போல, அவரால் முடியாது, முடியாதவரிடம் கோபித்து என்ன ஆகப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் முப்பத்தொரு வருடம் உங்களோடு இருந்தேன். தட்டு பறந்தபோது, ஆர்த்தி படிப்பு விஷயத்தில், என் அப்பா செத்த மறுநாளே என்னைக் கூட்டி வந்தபோது, எல்லாவற்றுக்கும் அதுதான் சமாதானம். அவரால் முடியாது.

இப்போது பார்த்தால் உங்களால் முடிகிறது. ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. அப்படியானால் அன்றும் முடிந்திருக்கும். நீங்கள் செய்யவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடமும் உங்களை நான் மன்னித்ததெல்லாம் இல்லாத ஒரு குறைக்காக. இனி எதைச் சொல்லி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பழைய மாதிரியே இருந்திருந்தால் எப்போதாவது மனசு இளகித் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

உங்களைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. நானும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவையே "கொஞ்சம் உக்காந்து கேளுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் உட்கார்ந்திருப்பீர்களோ? தெரியாது. கேட்டுப் பார்க்கவே இல்லையே. எனக்கு ஐம்பத்தைந்து வயது. இனிமேல் தெரிந்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

வியாழக்கிழமை பௌர்ணமிக்கு ஊரே மலை சுற்றக் கிளம்பிய சாயங்காலம், நாலரை மணிக்கு, எங்கள் கேட்டுக்கு எதிரே நீங்கள் நின்றதைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கையில் செருப்பு. சமையலறை ஜன்னலில் நான் நின்றிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்காது. நேரில் வர வேண்டாம் என்று நான் சொல்லியிருந்ததால் நீங்கள் உள்ளே வரவில்லை. பத்து நிமிடம் போல நின்றீர்கள். கூட்டம் உங்களை இடித்துக்கொண்டு போனது. நீங்கள் நகரவில்லை.

ஜோதியம்மாள் என் பக்கத்தில் வந்து, "கூப்பிடட்டுமாம்மா?" என்று கேட்டார். என் காலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது கொஞ்சம் அசைந்திருந்தால்கூட நானே ஓடி வந்திருப்பேன். அசையவில்லை. வேண்டாம் என்றேன்.

நான் தலை தூக்கிப் பார்த்தபோது நீங்கள் கூட்டத்தோடு போய்விட்டிருந்தீர்கள்.

மணியம்மாள்