எண்ணெய்க்கு ஒரு கை, காற்றுக்கு ஒரு கை

என் செல்லத் தங்கச்சி ஸ்டெல்லா,

நேற்று நம் பிரஸ் மெஷின் உதறாமல் இறங்கியது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "கதை அளக்காதீங்கண்ணா, விஷயத்துக்கு வாங்க" என்பாய்.

நீ சாகண் தொழிற்சாலையின் ஹைட்ராலிக் இன்ஜினியர், எண்ணெய்க் கட்சி. நான் புனேயில் கல்லூரி ஆய்வகத்துக்காரன், காற்றுக் கட்சி. வேகமாக இறங்கக் காற்று, இறங்கியபின் ஓங்கி அழுத்த எண்ணெய் என்று ஒரு பிரஸ் செய்ய இரண்டு இடமும் கூட்டு ஆராய்ச்சி தொடங்கியதில்தானே சந்தித்தோம்? அந்த வருஷமே எனக்கு ராக்கி கட்டிவிட்டாய்.

உதறும்போதெல்லாம் சண்டை.

"உங்க காத்துதான் என் எண்ணெய்ல புகுந்து கெடுக்குது!"

"கசியாம அடைக்கிற உன் ரப்பர் சீல் சரியில்ல, என் காத்தை ஏம்மா திட்டற?"

வடாபாவ் வந்தால்தான் வாய் ஓயும்.

கை உள்ளே மாட்டாமலிருக்க, ஒரே ஆள் இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கவேண்டிய மெஷின் அது. நாமோ ஆளுக்கொன்று பங்கு போட்டுக்கொண்டோம். மிச்சக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது உன் சட்டம். பாதுகாப்பு அதிகாரி பார்த்திருந்தால் தோலை உரித்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ, உயிரோடு திரும்பவில்லை. என்ன அவசரம் உனக்கு? இன்னும் கோபம்தான்.

நேற்று கடைசிச் சோதனை. உதறினால் உங்கள் தொழிற்சாலை ஆட்கள் எண்ணெய்ப் பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், ஆராய்ச்சியும் அதோடு சரி. நீ சொன்ன புது சீலைத்தான் போட்டிருந்தேன். எல்லோரும் காத்திருக்கிறார்கள், உன் பொத்தானைத் தொட எனக்குக் கை வரவில்லை.

உன் இடத்துக்கு வந்த சுப்ரியா பக்கத்தில் வந்து நின்றாள். நான் முகம் கொடுத்துக்கூடப் பேசாத பெண். யாரும் சொல்லாமலே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஸ்டெல்லா மேடம்தான்," என்றாள் இந்தியில். "ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் தனியா அமுக்க மாட்டார், நீ போய் நில்லுன்னாங்க."

அப்படியானால் திரும்பி வரமாட்டாய் என்று உனக்குத் தெரிந்தேதான் இருந்ததா, ஸ்டெல்லா?

இருவரும் அமுக்கினோம். வழுக்கிக்கொண்டு இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள், நான் அழுதேன். பம்பு இங்கேயேதான் இருக்கும்.

நம் ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பில் எண்ணெயா காற்றா, எது முதலில் என்று அடித்துக்கொண்டோமே, சத்தியமாக எண்ணெய்தான் முதலில் வரும். சுப்ரியாவோடும் இனி ஒழுங்காகச் சண்டை போடுவேன்.

மணிக்கட்டில் உன் கயிற்றோடு,
உன் காற்று அண்ணன்