கிணற்றடியில் நின்ற வெறுங்குடங்கள்

சிவமயம்

கரவெட்டி
1937 ஆவணி 22

சௌபாக்கியவதி மகள் பத்மாசினிக்கு ஐயா எழுதுவது. நீயும் மருமகன் தியாகராசாவும் குழந்தையும் சிரம்பானில் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை உன் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று எழுதுகிறேன், அதை முதலில் வாசித்து மனதைத் திடப்படுத்திக்கொண்டு மிச்சத்தை வாசி.

மாட்டுக் கொட்டிலில் வழுக்கி விழுந்து அம்மாவின் கால் முறிந்ததையும் வைத்தியர் கட்டுப் போட்டுப் படுக்கையில் விட்டிருப்பதையும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். இந்த மாதம் பன்னிரண்டாம் திகதி நம் பிள்ளையார் கோயில் தேர். நானும் உன் தங்கை கமலாவதியும் அயலட்டை முழுவதும் கோயிலில் நின்றோம். கமலாவதி குசினி அடுப்பில் தணலை அணைக்காமல் வந்துவிட்டாள், சோழகக் காற்று, கிடுகுக் கூரை, சொல்லவா வேண்டும். குசினியை ஒட்டிய அறையில்தான் அம்மா கிடந்தாள். அந்த நேரம் வளவில் ஆள் இல்லாமல் இல்லை மகளே. கோயிலுக்குள் நாங்கள் விடாத சனம் எங்கள் கிணற்றடியில் நின்றது. செல்லியும் அவளோடு நாலு பெண்களும் வழக்கம்போலக் குடங்களை வைத்துக்கொண்டு, தேர் முடிந்து யாராவது வந்து ஊற்றுவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது, வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, நாங்கள்தான் அள்ளி ஊற்ற வேண்டும், நீயும் எத்தனை நாள் ஊற்றியிருப்பாய். புகையைக் கண்டதும் அவர்கள் கத்திய கத்து என்ன தெரியுமா? "ஆராவது வந்து தண்ணி ஊத்துங்கோ நாச்சியார்" என்று. கிணறு நிறையத் தண்ணீர், காலடியில் குடம், கண்முன்னே வீடு எரிகிறது, ஐந்து பெண்களும் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள். குசினிக் கூரை சரிந்த சத்தம் கேட்ட பிறகு அம்மாதான் உள்ளேயிருந்து "எடி செல்லி, நீயே அள்ளடி" என்று கத்தியிருக்கிறாள். அதன் பிறகுதான் செல்லி துலாவைப் பிடித்தாள். குடம் குடமாய் ஊற்றி வழியெடுத்து, உள்ளே புகுந்து, அம்மாவைப் பாயோடு இழுத்து முற்றத்தில் போட்டுவிட்டாள். அம்மாவுக்குத் தலைமயிர் கருகித் தோளில் கொப்புளம், இப்போது ஆறி வருகிறது. செல்லிக்கு வலக்கை முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று.

நான் ஓடிவந்தபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். "ஏனடி பாத்துக்கொண்டு நிண்டனியள்?" என்று கேட்டேன். அவள் நிலத்தைப் பார்த்தபடி, "போன சித்திரையிலை நயினார் ஏசினது ஞாபகம் வந்திட்டுது" என்றாள். சித்திரையில் நடந்ததை உனக்கு எழுதவில்லை. அம்மா ஊற்றப் பிந்திவிட்டாள் என்று, தன் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது என்று, செல்லி தானே ஒரு வாளி அள்ளிவிட்டாள். நான் ஊர் கேட்க ஏசினேன், தீட்டுப் போக ஆள் வைத்து ஒரு பகல் முழுக்கக் கிணற்றை இறைத்தேன். அந்த ஏச்சு அல்லவா மகளே உன் அம்மாவை எரிக்கப் பார்த்தது. பத்து நாளாகிறது, இன்னும் சோற்றைப் பிசைந்தால் புகை மணக்கிறது.

இதற்கு மேலும் ஒன்று கேள். மறுநாள் பெரியப்பா கதிரவேலர் வந்தார். அம்மாவுக்கு எப்படி என்று ஒரு சொல் இல்லை, கிணறு எப்போது இறைக்கப் போகிறாய் என்று கேட்டார். இறைக்கமாட்டேன் என்றேன். அப்படியானால் தை மாதம் கமலாவதியின் கலியாணப் பந்தலில் நம் ஆட்கள் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் சொல்லவில்லை. கமலாவதி முகம் கொடுத்துப் பேசாமல் திரிகிறாள், அவளை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. நான் பெரிய மனிதனில்லை, ஊரைத் திருத்த என்னால் முடியாது. என்னால் ஆனது, காலையில் துலாவை இறக்கி, வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உள்ளே வருவது. முதல் இரண்டு நாளும் அவர்கள் வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், வெயில் ஏறியபின் நானே போய் ஊற்றினேன். மூன்றாம் நாள், வாளியை வைத்துத் திரும்பும்போது செல்லி, "நயினார் மறந்துபோய் விட்டிட்டுப் போறியளோ?" என்று கேட்டாள். "மறக்கேல்லை செல்லி, உங்களுக்குத்தான்" என்றேன். கட்டுப் போட்ட கையோடு அவள் அள்ளினாள். ஒவ்வொரு வாளிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று நான் எழும்பிப் போக முந்தியே வாளி கிணற்றுக் கட்டில் இருந்தது. யார் வைத்தது என்று அம்மாவைக் கேட்டேன், கமலாவதி என்றாள்.

உன் கலியாணச் சேலைகள் இருந்த பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறவாதே, உன் வீட்டுக்கு வேலைக்கு வரும் அஞ்சலை நல்லவள் என்று எழுதியிருந்தாய், அவளுக்கு எதில் தேத்தண்ணீர் கொடுக்கிறாய் என்று எழுதவில்லை. தேங்காய்ச் சிரட்டையில் என்றால் அது நீ என்னைப் பார்த்துப் பழகியது, உன்னைக் குறை சொல்லமாட்டேன். நாளைக்கே மாற்றிவிட்டு மறுதபாலில் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் ஐயா
சிவசுப்பிரமணியம்