மைனஸ் நாற்பதில் ஆம்பூர்த் தோல்

அத்தை,

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாரமாகச் சாப்பிட இடமில்லை. வெட்டிய தோல் துண்டுகள் அதன் மேல் பரவிக் கிடக்கின்றன. கட்டை விரலுக்கு ஒரு அடுக்கு, உள்ளங்கைக்கு ஒரு அடுக்கு, புறங்கைக்கு ஒரு அடுக்கு. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். குழம்பு வாசனையைத் தாண்டிப் புதுத் தோலின் வாசனை வருகிறது. ஆம்பூர்க்காரர்களுக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது, வெளியூர் போய்த் திரும்பினால்தான் மூக்குக்கு உறைக்கும் என்பீர்கள். நான் எந்த ஊருக்கும் போகவில்லை. ஆனாலும் இந்த வாரம் எனக்கு உறைக்கிறது.

அப்பா கையுறை தைக்கத் தொடங்கியிருந்தார். பன்னிரண்டு ஜோடி. வட துருவத்துப் பக்கத்து வானிலை நிலையத்தில் உங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு, ஆளுக்கு ஒன்று. உங்கள் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசராக இருப்பவர், ஒரே தங்கையின் நினைவாக என்று சொல்லித் தோல் கேட்டால் யார் மறுப்பார்கள்? தையல் பிரிவு அக்காக்கள் இரண்டு பேர் வந்து தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உங்களுக்குத் தைத்த அதே மாதிரி, அதே ஆட்டுத் தோல், உள்ளே அதே ஃபிளானல் துணி. அப்பா ஒவ்வொரு முறை ‘அதே’ என்று சொன்னபோதும் நான் மேசையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். அந்தக் கையுறை உங்களை என்ன செய்தது என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. சொல்லக் கூடாது என்று நீங்கள் வாங்கிய சத்தியமும் என்னிடம்தான் இருந்தது.

ஆறாம் வகுப்பில் டீச்சர் எல்லோரையும் எழுப்பி, வீட்டில் யார் யார் என்ன வேலை என்று கேட்டார். நர்ஸ், டீச்சர், கம்பெனி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்ததும், “எங்க அத்தை பலூன் விடுறாங்க மிஸ்” என்றேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவள், “திருவிழாவுலயாடி?” என்றாள். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே உங்களுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. முதலில் ஒரு நிமிடம் காற்றின் இரைச்சல் மட்டும். பிறகு உங்கள் குரல். “கேட்டியா? இதுல நின்னுதான் விடறேன். அந்தப் பொண்ணை இங்க வந்து சிரிக்கச் சொல்லு, பல்லு ஒட்டிக்கும்.”

ஒரு நாளைக்கு இரண்டு பலூன். அடியில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அது மேலே போகப் போக வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் பலூன் வெடித்து எங்கோ பனியில் விழும். உலகம் முழுக்க எல்லா நிலையங்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுவார்கள் என்று சொன்னீர்கள். மற்ற நேரமெல்லாம் மணிக்கு ஒரு முறை வெளியே போய்ப் பார்க்க வேண்டும். வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, பனி எந்தப் பக்கமாக ஓடுகிறது. கதவைத் திறக்கும் முன் இரண்டு பக்கமும் கரடி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். “நம்ம தெருவுல நாய் படுத்துக்கினு இருக்கற மாதிரிதான். என்ன, இது கொஞ்சம் ஜாஸ்தி சைஸு” என்றீர்கள்.

மாதக்கணக்கில் சூரியனே வராத ஊரில் மேகத்தை எப்படி எண்ணுவீர்கள் என்று கேட்டேன். வெளியே போய் ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும், கண் பழகிய பிறகு நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும், நட்சத்திரம் இல்லாத இடம் மேகம் என்றீர்கள். பனிமூட்டம் வந்து ஒன்றுமே தெரியாவிட்டால்? “தெரியலன்னா தெரியலன்னு எழுதணும். அதுக்கும் ஒரு குறி இருக்குடி. போன மணி நேரம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும்னு எழுதறவன் வேற வேலைக்குப் போவணும்.” அந்த வரியை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் அத்தை, வானத்தைப் பற்றி ஒரு பொய்கூட எழுதாத நீங்கள், அப்பாவுக்கு மட்டும் எழுதினீர்கள்.

நான் ஏழாவது படித்த வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். திரும்ப நிலையத்துக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது அப்பா உங்கள் கையைப் பழுப்புக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். நீங்கள் கூச்சத்தில் கையை இழுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

“ஆடாத பாப்பா. அளவு போய்டும்.”

“அண்ணா, அங்க ஆபீஸ்லயே குடுப்பாங்க. உனக்கு எதுக்கு வீண் பேஜாரு?”

“அவங்க குடுக்கறது கம்பெனி சரக்கு. நான் குடுக்கறது தோல். குளிர்னா எனக்குத் தெரியாதா? டிசம்பர்ல ஏலகிரியில ரெண்டு நாள் தங்கியிருக்கேன்.”

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, “ஆமா, ரெண்டு நாளும் கம்பளியை விட்டு வெளில வரல” என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் காகிதம் நகர்ந்து, சுண்டு விரல் கோடு கோணிப்போனது.

அந்தக் கையுறைகள் அவ்வளவு அழகு. காப்பித்தூள் நிறம், மணிக்கட்டில் இரட்டைத் தையல். அப்பா கையில் கிடைத்ததிலேயே மிருதுவான தோல், இந்த ஊர் வெயிலில்.

பிப்ரவரியில் உங்கள் படம் வந்தது. பனிக்கு நடுவில் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறீர்கள். விரல் பத்தும் விரிந்து நிற்கின்றன. “சூப்பர்ணா, கதகதன்னு இருக்கு” என்று கீழே எழுதியிருந்தீர்கள். அப்பா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்துவார். “விரலைப் பாரு, எப்படி நிக்குது. ஃபிட்டிங்!” சர்ச் ஐயர் வீடு ஜெபத்துக்கு வந்தபோதுகூட, ஆமென் சொன்ன கையோடு அவரையும் அங்கே அழைத்துப்போனார்.

அந்த விரல்கள் ஏன் விரிந்து நின்றன என்று நீங்கள் எனக்கு மட்டும் சொன்னீர்கள். மடக்க முடியவில்லை. தோலில் ஏற்றியிருந்த எண்ணெய் குளிரில் கெட்டியாகி, பத்தே நிமிடத்தில் கையுறை மரக்கட்டை ஆகிவிட்டது. படம் எடுத்த கையோடு பலூனுக்கு நேரமாகிவிட்டது. பெட்டியைக் கட்டிய நூல் சிக்கிக்கொண்டது. மடங்காத விரல்களால் சிக்கெடுக்க முடியாமல், வலது கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் எடுத்தீர்கள். இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆள்காட்டி விரலின் நுனி வெள்ளையாகி, பிறகு கறுத்து, தோல் உரிந்து, அதற்குப் பிறகு அதில் உணர்ச்சியே திரும்பவில்லை. “உங்கப்பன்கிட்ட மூச்சு விடாத. பைபிள் மேல சத்தியம் பண்ணு” என்றீர்கள். நான் பண்ணினேன். அடுத்த விடுமுறையில் அப்பா விரலைப் பார்த்துப் பதறியபோது, “கெட்டில்ல சுட்டுக்கினேன்ணா” என்றீர்கள். “இவ்ளோ படிச்சு இன்னா பிரயோஜனம், ஒரு டீ போடத் தெரில” என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நான் மட்டும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

நோய் முற்றி நீங்கள் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி வாரத்தில் அப்பா உங்கள் கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். சரியாக அந்த விரல் நுனியைத்தான் திரும்பத் திரும்ப. அது உங்களுக்குத் தெரியவில்லை என்று அவருக்குத் தெரியாது. அவர் தலைக்கு மேலாக நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சின்னதாகத் தலையை ஆட்டினீர்கள். வேண்டாம் என்று. நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது அதுதான்.

போன சனிக்கிழமை மாலை நிலையத்திலிருந்து உங்கள் தோழி பேசினார். நீங்கள் போன பிறகு உங்கள் சாமான் பெட்டியை அனுப்பி வைத்த அதே பெண்மணிதான். அளவு கேட்பதற்காக அப்பா நேரம் குறித்து வைத்திருந்தார். போனை மேசையில், தோல் துண்டுகளுக்கு நடுவில் வைத்தோம். அப்பா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு இரட்டைச் சந்தோஷம், தங்கையின் சிநேகிதியோடு பேசுவதும், மகள் இங்கிலீஷில் பொளந்து கட்டுவதும்.

“என் தங்கச்சி போட்டிருந்தாளே, அதே மாதிரிதான் தைக்கறேன்னு சொல்லு. அது அங்க எப்படி இருந்துச்சுன்னு கேளு.”

கேட்டேன். கேட்காமல் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி அப்போது வரவில்லை.

 தோழி மெதுவாகச் சொன்னார். அந்தக் கையுறைகளால்தானே அவள் விரல் போனது, உங்களுக்குத் தெரியாதா? அன்றே அவற்றைத் தூக்கிப் போடச் சொன்னோம், அவள் கேட்கவில்லை, பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

அப்பா காதில் பென்சிலோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி இங்கிலீஷ் அவருக்குப் பழக்கம்தானே. “ஃபிங்கர்னு இன்னாமோ சொன்னாங்களே, இன்னா?”

அத்தை, அந்த ஒரு நொடியில் எனக்கு வாய்க்குள் பொய் தயாராகவே இருந்தது. ‘விரலுக்குச் சரியா இருந்துச்சாம்பா.’ நீங்களாக இருந்தால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பீர்கள். ஆனால் மேசையில் பன்னிரண்டு ஜோடி கிடந்தது. அவற்றை யாரோ பன்னிரண்டு பேர் மாட்டிக்கொண்டு கதவைத் திறப்பார்கள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கெட்டில் இல்லை என்பதையும்.

அப்பா கத்தவில்லை. எழுந்து போய் உங்கள் படத்தின் முன்னால் நின்றார். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. போனில் உங்கள் தோழி ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார், நன்றி சொல்லி நான்தான் வைத்தேன்.

மறுநாள் சர்ச்சுக்குக் கிளம்பும் முன், உங்கள் பெட்டியிலிருந்த அந்தப் பழைய ஜோடியை எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து ஃப்ரீஸரில் வைத்தார். “மீன் வெக்கற எடத்துல இன்னாத்த வெக்கறீங்க?” என்று ஆரம்பித்த அம்மா, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆராதனை முடிந்து வந்ததும், வெள்ளை வேட்டியைக்கூட மாற்றாமல், கையுறைகளை எடுத்தார். விறைத்து நின்றன. உங்கள் அளவு அவருக்குப் போதாது, ஆனாலும் திணித்து மாட்டினார். ஒரு நூலைக் கொடுக்கச் சொன்னார். முடிச்சுப் போடப் பார்த்தார். நூல் நழுவியது. திரும்பவும் பார்த்தார். இருபது வருடமாகத் தோலில் பழகிய கை, அத்தை. ஒரு முடிச்சு விழவில்லை.

“அவ எப்படி முடிச்சை அவுத்தா?”

“கழட்டிட்டுதாம்பா.”

கையுறையோடேயே உட்கார்ந்திருந்தார். அது இளகி, ஓரத்தில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது.  “எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? வேற தோல் போட்டிருப்பேன்ல? ரோமத்தோட ஆட்டுத் தோல் இருக்கு, உள்பக்கம் ரோமத்தை வெச்சு, எண்ணெயை மாத்தி… அதுக்கப்புறம் நாலு வருஷம் அங்க இருந்தா. நாலு வருஷம்டி. ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு தெச்சுக் குடுத்திருப்பேன். நாலாவது சரியா வந்திருக்கும்.”

இதை நான் யோசித்ததே இல்லை, அத்தை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். அப்பாவை வருத்தத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுதான் நாம் இரண்டு பேரும் நினைத்தோம். சட்டம் போட்ட அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு, உங்களுக்காக ஒரு நல்ல கையுறையைச் செய்துபார்க்கும் வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொண்டு ஒரு குரல் பதிவு அனுப்ப வேண்டும் போல இருந்தது. அதற்கு மறுநாள் காற்றின் இரைச்சலோடு ஒரு பதில் வர வேண்டும் போல இருந்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன்.

இப்போது மேசையில் கிடப்பதெல்லாம் வேறு எதற்காவது ஆகும் என்று அப்பா சொல்கிறார். நேற்று ராணிப்பேட்டைக்குப் போய் ரோமத்தோடு ஒரே ஒரு தோல் வாங்கிவந்தார். கட்டை விரலுக்கு மட்டும் தனி இடம், மற்ற நான்கும் ஒன்றாக, கழற்றி மாட்ட மணிக்கட்டில் ஒரு வார். பன்னிரண்டு இல்லை, ஒரே ஒரு ஜோடி. நம் ஃப்ரீஸர் அந்த ஊர்க் குளிரில் பாதிகூடக் காட்டாது, அதனால் அங்கே போய்த்தான் தெரியும். உங்கள் தோழிக்கு அனுப்புகிறோம். கூடவே ஒரு கடிதம். அப்பா சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதினேன்.

“நல்லா இருக்குன்னு எழுத வேணாம்னு எழுது. இன்னா கோளாறு, எத்தினி நிமிஷத்துல வந்துச்சு, அதை எழுதச் சொல்லு. வருத்தப்பட மாட்டேன்னும் எழுது.”

எழுதினேன். எழுதி முடித்ததும் ‘வருத்தப்பட மாட்டேன்’ என்ற அந்த வரியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் சத்தியத்தை மீறியவள் நான்தான், அதை இனி எப்போதும் சுமந்துகொண்டுதான் இருப்பேன். அதற்காக நீங்கள் என்னைத் திட்டுவதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா? ஆனால் அதைவிடக் கனமாக எனக்குள் இருப்பது இந்த வரி. பழுப்புக் காகிதத்தில் உங்கள் கையை வரைந்த அன்றே யாராவது இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், அத்தை. ஒருவருக்கும் தோன்றவில்லை.