புத்தகமில்லாத ஸ்பானிஷ் வகுப்பு

10 ஜூன் 1957

மத்தியானம் துறைமுக ஷெட்டில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மானேஜர் கூப்பிட்டனுப்பினார். இனி அர்ஜென்டினாவிலிருந்து கோதுமைக் கப்பல்கள் நம் ஏஜென்சிக்கு வருமாம். கப்பலேறி அந்த ஆட்களோடு பேச, ஸ்பானிஷ் தெரிந்த குமாஸ்தா ஒருவர் வேண்டும். சாயங்கால வகுப்பு வைக்கிறார்கள். “உன் இங்கிலீஷ் எழுத்து சுத்தமா இருக்கு ரகுபதி, நீயும் சேரு” என்றார். தலையாட்டினேன். நான் எதற்கும் தலையைத்தான் ஆட்டுவேன் என்று அவருக்குத் தெரியும்.

இலக்கணம், மொழிபெயர்ப்பு என்று எழுதச் சொல்வார்கள். எழுத்தில் எனக்குத் திக்குவதில்லை.

14 ஜூன்

ராயபுரத்தில் கம்பெனி கிடங்குக்கு மேலே உள்ள அறை. டீச்சர் பெயர் சுகிர்தம், என் வயதுதான் இருக்கும். அப்பாவுக்கு மனிலாவில் வேலையாம்; அங்கே ஸ்பானிஷும் புழக்கமாம். அங்கேயே பிறந்து, அங்கேயே வாத்தியார் பயிற்சி முடித்தவர்.

நோட்டைத் திறந்தோம். மூடச் சொல்லிவிட்டார்.

“புத்தகம் கிடையாது. எழுதவும் கூடாது. காதால கேளுங்க, வாயால சொல்லுங்க. குழந்தை எழுதிப் பாத்தா பேசக் கத்துக்குது?”

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. பக்கத்தில் இருந்த சக குமாஸ்தா தாவூது என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “குந்து மாமு.”

டீச்சர் மேசையைத் தொட்டார். “கே எஸ் எஸ்தோ? இது என்ன? எஸ் உனா மெஸா. எல்லாரும் கூடச் சொல்லுங்க.”

எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். முட்டாமல், திக்காமல் சொன்னேன்!

பிறகு ஒவ்வொருவராக. என் முறை வந்தது. எஸ் உனா மெ… மெ… அங்கேயே நின்றுவிட்டது. டீச்சர் முகம் மாறவில்லை. “மறுபடி எல்லாரும்” என்றார். அந்தக் கூட்டத்துக்குள் என் சொல்லும் நுழைந்து வெளியே வந்துவிட்டது.

27 ஜூன்

“தெங்கோ உன் பார்கோ.” என்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது. டீச்சர் ‘லிப்ரோ’, அதாவது புத்தகம், என்று மட்டும் சொன்னால் நாங்கள் “தெங்கோ உன் லிப்ரோ” என்று முழுதாகச் சொல்லவேண்டும். ஒரு சொல்லை மாற்று, திரும்பச் சொல். மறுபடி மாற்று. வலை இழுக்கிறவர்கள் பாடுவது மாதிரி, ஒருவன் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறோம். வாய் தானாகவே போகிறது.

இன்று மானேஜர் வீட்டு டேப் மெஷினைக் கொண்டுவந்து, நாங்கள் சொன்னதைப் பிடித்து எங்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தாவூது என் தோளைத் தட்டினான். “அத்தோ, அந்தக் கட்டக் குரலு கீதே, அது நீதான்.” நான்தானா? தடையே இல்லாமல் ஓடுகிறதே. இத்தனை வருஷமும் இது எங்கே இருந்தது?

சந்தோஷம் நிலைக்கவில்லை. டீச்சர் சொன்னார்: “தப்பான உச்சரிப்பு ஒரு தடவைகூட காதுல விழக்கூடாது. காதுல விழுந்தா நாக்குல உக்காந்துக்கும்.”

அதற்குப் பிறகு பாடம் காதில் ஏறவில்லை.

28 ஜூன்

என் மகள் செல்லம்மாவுக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டது. ‘ம்மா’ தவிர ஒன்றும் சொல்வதில்லை. அவள் பிறந்தபோது மாமியார் சொன்னார்: “புள்ள காதுல உன் பேச்சு வுழ வோணாம் மாப்ள. அதுக்கும் ஒட்டிக்கினா யாரு வந்து கட்டிப்பான்?” அன்றிலிருந்து அவளிடம் நான் பேசியதில்லை. தூக்குவேன், ஊட்டுவேன், சீட்டியடித்துத் தூங்கவைப்பேன். என் மனைவி புஷ்பவல்லி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மாமியார் சொன்னதைத்தானே டீச்சரும் சொல்கிறார்?

9 ஜூலை

மனசு கேட்கவில்லை. செல்லம்மாவைப் பற்றி ஒரு தாளில் எழுதி, வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“திக்குறது தொத்திக்குமான்னு எனக்கு நிஜமாவே தெரியாது சார். இதெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தரலை. ஆனா இப்ப உங்ககிட்டேர்ந்து பாப்பா காதுல என்ன விழுது? ஒண்ணும் விழலை. அதுவும் பழகிடுமே.”

நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

12 ஜூலை

கிணற்றடியில் குளித்துக்கொண்டே பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ஸ்பானிஷ்தானே, இதைக் கேட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம். செம்பைத் தூக்கி “அகுவா” என்றேன். தண்ணீர். வாசற்படியில் இருந்து “அவ்வா” என்று குரல் வந்தது.

செல்லம்மா.

மறுபடி சொன்னேன். மறுபடி சொன்னாள். இருவரும் சேர்ந்து சொன்னோம். வாளித் தண்ணீர் தீரும்வரை சொல்லிக்கொண்டிருந்தோம்.

21 ஜூலை, ஞாயிறு

மாமியார் வந்திருந்தார். செல்லம்மா செம்பைக் காட்டி அவ்வா, சோற்றைக் காட்டி அரோஸ். “இன்னாடி புஷ்பா இது? ஊமையா கீதேன்னு பார்த்தா சட்டைக்காரத் தொர பாஷ பேசுதே” என்றார். புஷ்பவல்லி சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

மாமியார் போனபின் என்னிடம் வந்தாள். “அப்படியே தமிழும் பேசேன். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எப்பவும் சொன்னதில்ல.”

6 ஆகஸ்ட்

பதினைந்து நாளாகத் தமிழில் பேசுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாக. இன்று நான் வேலையிலிருந்து வந்ததும் செல்லம்மா ஓடிவந்து “ந… ந… நைனா” என்றாள்.

ஐயோ. நான் என்னா பண்ணிட்டேன். புள்ளைக்குக் குடுத்துட்டேனா இதையும்?

7 ஆகஸ்ட்

பேசவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

8 ஆகஸ்ட்

காலையில் பாயில் படுத்திருந்தேன். செல்லம்மா என் மார்பில் ஏறி உட்கார்ந்து, இரண்டு விரலால் என் உதட்டைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். குரல் எங்கே போயிற்று என்று தேடினாள்போல.

“எல்லா சின்னதும் அப்படித்தான் ந ந ந-ன்னு ஆரம்பிக்கும்” என்றாள் புஷ்பவல்லி. “எதுத்த வூட்டு பக்ருதீன் மவனும் அப்படித்தான் பேசினு இருந்தான். இப்ப வாய மூடறதில்ல. ஒருவேள அதுக்குத் திக்கினாத்தான் இன்னா? உன்கூட நான் குடித்தனம் பண்ணல?”

இது எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

“செ… செல்லம்மா” என்றேன். விரலை எடுத்துக்கொண்டாள்.

23 ஆகஸ்ட்

பரீட்சை. வந்து நின்ற அர்ஜென்டினாக் கப்பலிலேயே நடந்தது. ஒவ்வொருவராகப் போய் கப்பல் அதிகாரியிடம் சரக்கைப் பற்றி விசாரிக்கவேண்டும். மானேஜரும் டீச்சரும் ஓரமாக நின்றார்கள்.

பு… பு… ‘புவேனோஸ் தியாஸ்’ வரவே இல்லை. காலை வணக்கமே வராதவன் கோதுமையைப் பற்றி எங்கே கேட்பது? அதிகாரி காத்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. பின்னாலிருந்து தாவூது மெல்ல, என்னோடு சேர்ந்து சொன்னான். வந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் கேட்டு முடித்தேன். நடுவில் முட்டியது. முட்டினாலும் முடித்தேன்.

வேலை தாவூதுக்கு. சரிதான், அவன் நன்றாகப் பேசினான். ஆனால் அவன் முகமே சரியில்லை. “எனக்கு பேஜாரா கீது மாமு” என்றான். வா, டீ குடிக்கலாம் என்று நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

வேலை கிடைக்காததைப் புஷ்பவல்லியிடம் வாயால்தான் சொன்னேன். சொல்லி முடிக்க நேரமாயிற்று. இருந்து கேட்டாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

செல்லம்மாவைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக் கரைக்குப் போனேன். “இன்னா நைனா அது?” கட்டுமரம் என்றேன். மூன்று முட்டு முட்டி வந்தது. “கட்டுமம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததைக் காட்டினாள். நண்டு. நங்கூரம். கருவாடு. அந்தக் கருவாட்டைத் தூக்கிப்போகும் காக்கா. அந்தக் காக்கா எங்கே போகிறது, அதன் வீடு எங்கே, அங்கே யார் யார் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது.

வீடு திரும்பியபோது என் குரலைக் கேட்டு, “ஜலதோஷமா?” என்று புஷ்பவல்லி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இல்லை. பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது.